மலரின் தலைமேல் வைத்த சத்தியம்

1

ஊசி போடாத டாக்டரை நீங்கள் டாக்டர் என்று ஒப்புக்கொள்வீர்களா? நான் ஒப்புக்கொள்ளப் பல வருடம் பிடித்தது. கல்யாணமாகி எழுபத்தி நாலில் இங்கிலாந்துக்கு வந்தேன். அந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு நல்ல காய்ச்சல். என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போன டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், “வீட்டுக்குப் போய் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் படு” என்று அனுப்பிவிட்டார். ஒரு மாத்திரைகூடக் கிடையாது. வாசலில் நின்று அழுதேன். நம் நிறத்தைப் பார்த்து மருந்தை மிச்சம் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்கும் அதே தண்ணீர்தானாம்.

இப்போது எனக்கு வேலையே ஒரு டாக்டரின் முன்னறையில்தான். இங்கே டாக்டர் பார்க்கும் இடத்துக்கு ‘சர்ஜரி’ என்று பெயர். பயந்துவிடாதீர்கள், கத்தி எதுவும் கிடையாது. வருகிறவர் பெயரைக் குறித்துக்கொண்டு, முறை வந்ததும் கூப்பிட வேண்டும். வருகிறவர்கள் ஒரு பைசா தர வேண்டியதில்லை, எல்லாம் அரசாங்கச் செலவு. மருந்துக் கடையில் மட்டும் ஒரு சின்னத் தொகை, அதுவும் வயசானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் போனால் கடைக்காரர் இருமலுக்கு ஒரு சர்க்கரைப் பாகு தருவார், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டை மாற்றப்போகிறோம் என்று அரசாங்கம் கிளம்பியிருப்பதால் இந்த வருடம் என் முன்னறை பஞ்சாயத்துக் கூடம் மாதிரி ஆகிவிட்டது. எந்த மருந்துக்கு அரசாங்கம் காசு கொடுக்கும், எதற்குக் கொடுக்காது, டாக்டர்கள் கணக்குப் பார்த்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டுமா என்று ஒரே வாதம். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவர் தினமும் வருவார். அவருக்கு நோய் கம்மி, பேச்சு அதிகம். “என் மாத்திரை மேல் கை வைக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்” என்பார். கைக்குழந்தையோடு வரும் ஒருத்தி, “மாத்திரையாலேயே வருகிற வியாதிக்கு யார் காசு கொடுப்பது?” என்று திருப்பிக் கேட்பாள். எந்த மருந்தால் என்ன கெடுதல் என்று பத்திரிகையில் வாராவாரம் ஏதாவது வரும். எனக்கு இது அதிசயமாக இருந்தது. மருந்தைப் பற்றி நோயாளி வாயைத் திறந்து பேசுவதை நான் எங்கள் ஊர்ப்பக்கம் போடியில் பார்த்ததே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அக்காவின் போட்டோ வந்தது. அக்கா பெயர் ராஜாமணி. எங்கள் சொந்த ஊர் ராசிங்காபுரம், அக்காவைக் கட்டிக் கொடுத்தது போடியில். அவளுடைய மகள் சடங்கில் எடுத்த படம் அது. படத்தில் அக்கா பச்சைப் பட்டில் நிற்கிறாள். எலும்பும் தோலுமாக நான் விட்டுவிட்டு வந்த அக்கா, கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து தடித்து, வட்டமாகப் பூரித்திருந்தாள். “உங்கக்கா நல்லாத் தேறிட்டாளே” என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் பெருமை தாங்கவில்லை. படத்தைச் சட்டம் போட்டு என் மேசைமேல் வைத்தேன்.

எங்கள் சர்ஜரியில் இருக்கும் லேடி டாக்டர் அந்தப் படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இது யார் என்றுகூடக் கேட்கவில்லை. “இவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?” என்று கேட்டார்.

2

அக்கா என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது வந்த நாள் தெரியும்.

போடியில் ஏலக்காய் சேர்த்து வைக்கும் கிட்டங்கியில் அக்காவுக்கு வேலை. மலையிலிருந்து ஜீப்பில் லோடு வந்து இறங்கும். மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறவர். காய்ந்த காயைச் சல்லடையில் போட்டுத் தேய்த்துக் காம்பை உதிர்த்து, சலித்து, பெருசு சிறுசு பார்த்துப் பிரிக்க வேண்டும். கிட்டங்கி முழுக்கத் தூசி. வெளியாட்கள் உள்ளே வந்தால் “ஆகா, என்ன வாசம்” என்பார்கள். அக்காவுக்கு அந்த வாசம்தான் எமன். கிட்டங்கிக்குப் போக ஆரம்பித்த பிறகு அவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. மலை மேலிருந்து பனி இறங்கும் மாதங்களில் படுக்கவே முடியாது. படுத்தால் நெஞ்சு கீச்சுக்கீச்சென்று கத்தும். சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தே தூங்குவாள். நான் கல்யாணத்துக்கு முன் அவள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில், அவள் படுத்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

கடைத்தெருவில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். ஒரு டாக்டரிடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு தனியாக ஒரு அறை பிடித்து அவரே வைத்தியம் பார்த்தார். கைராசிக்காரர் என்று பெயர். தேவாரம் ஊரிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வருவார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஊசி போடுவார், சிவப்புத் தண்ணீர் தருவார், மூன்று காகிதப் பொட்டலம் மடித்துத் தருவார். பொட்டலத்தில் என்ன என்று நாமும் கேட்க மாட்டோம். கேட்டால் கைராசி போய்விடும் என்று ஒரு பயம். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ராவுத்தர்தான் கிட்டங்கி முதலாளி. அவர் ஒரு நாள், “அந்தக் கம்பவுண்டரப் போய்ப் பாரு ஆத்தா, இப்பிடி உக்காந்தே எத்தன நாளைக்கு இருப்ப?” என்று அனுப்பிவைத்தார்.

பொட்டலத்தைச் சாப்பிட்ட மறுநாள் அக்கா பாயை விரித்துப் படுத்துத் தூங்கினாள். வாயைத் திறந்து, கையைக் காலைப் பரப்பி, குறட்டை விட்டுத் தூங்கினாள். மச்சான் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். நான் அழுதேவிட்டேன். அன்றைக்கு அந்தக் கம்பவுண்டர் எதிரே வந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

பிறகு நான் இங்கே வந்துவிட்டேன். ‘சுகமாக இருக்கிறேன், சோலிக்குப் போகிறேன்’ என்று அக்கா எழுதுவாள். கம்பவுண்டர் செத்துப்போனார். போகும்முன் பொட்டலத்தில் இருந்தது எது என்று மச்சானிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. எந்த மெடிக்கலிலும் சீட்டு இல்லாமல் கிடைக்கும். அதிலிருந்து மச்சான் அட்டை அட்டையாக வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

இதெல்லாம் லேடி டாக்டர் கேட்ட பிறகு, போனில் துருவித் துருவிக் கேட்டு நான் தெரிந்துகொண்டது. மாத்திரையின் பெயரைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். நினைத்தது சரி என்றார். அந்தப் பூரிப்பு சதை இல்லை, மருந்தின் வீக்கம். எலும்பு தேயும், சர்க்கரை வரும், இன்னும் என்னென்னவோ. “நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நான் ஒரு வாரம் லீவில் போகிறேன், வந்ததும் பேசுவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான்தான் அந்த ஒரு வாரம் காத்திருக்கவில்லை.

3

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர் நூலகக் கூடத்தில் இந்தச் சீர்திருத்தம் பற்றி ஒரு பொதுக்கூட்டம். வேடிக்கை பார்க்கும் ஆசையில் போனேன். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். யாரும் யார் சட்டையையும் பிடிக்கவில்லை. கையைத் தூக்கி, முறை வரும்வரை காத்திருந்து, பிறகு கோபப்பட்டார்கள். ஒரு பெண் எழுந்து, தன் அம்மா வருடக்கணக்காகச் சாப்பிட்ட மாத்திரைகளைப் பற்றிச் சொன்னாள். “யாரும் எங்கம்மாவிடம் இது என்ன செய்யும் என்று சொல்லவில்லை” என்றாள். எனக்கு அக்கா முகம்தான் கண்முன் நின்றது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து டிரங்க்கால் போட்டேன்.

அக்கா வீட்டில் போன் இல்லை. ராவுத்தர் கிட்டங்கி போனுக்குத்தான் அடிக்க வேண்டும். அவர் ஆளை அனுப்பி அக்காவைக் கூப்பிடுவார்.

“அக்கா, அந்த மாத்திரைய இனிமே தொடாத. அது விசம்.”

“சரி சரி.”

“சரி சரிங்காத. எல்லாத்துக்கும் இப்பிடித்தேன் சொல்லுவ. அங்க போன வச்சதும் மறுபடி முழுங்குவ.”

“இல்லடி. நிறுத்திருறேன். உம் மச்சான்கூடப் பேப்பர்ல பாத்தேன்னாரு. வெளிநாட்டுல வேணாம்னு தள்ளுன மருந்தையெல்லாம் இங்கதேன் விக்கிறானுகளாம்.”

“அப்ப சத்தியம் பண்ணு.”

“எதுக்குடி சத்தியம்?”

“பண்ணு. எம் மக மலரு தலைமேல சத்தியமா இனி அந்த மாத்திரைய வாயில வைக்க மாட்டேன்னு சொல்லு.”

அக்கா சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாக.

எங்கள் குடும்பத்தில் சத்தியம் என்றால் சும்மா இல்லை. மச்சான் பீடிக்கு அடிமை. எந்த டாக்டர் சொல்லியும் விடாதவர், மகன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தபிறகு இன்றுவரை தொட்டதில்லை. மீறினால் யார் தலையோ அந்தத் தலைக்குத்தான் ஆகாது. வேண்டுமானால் தலைக்குச் சொந்தக்காரர் விடுவிக்கலாம், வேறு யாராலும் முடியாது. மகன் வளர்ந்ததும் மச்சான் போய், “அப்பு, என் சத்தியத்த விட்டுரு” என்று கெஞ்சியிருக்கிறார். அவன் சிரித்துக்கொண்டே முடியாது என்றுவிட்டான். சத்தியம் என்ற இந்த மருந்து வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அதைக் கையில் எடுத்தேன். ரிசீவரை வைத்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அக்கா அன்றே அட்டைகளை எல்லாம் வாய்க்காலில் கொட்டிவிட்டாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

4

அடுத்த வியாழக்கிழமை லேடி டாக்டர் லீவு முடிந்து வந்தார். கோட்டைக் கழற்றும் முன்பே பெருமையாகச் சொன்னேன். “அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டாள். சனிக்கிழமையோடு சரி, ஒன்றுகூட இல்லை.”

அவர் கோட்டை மறுபடி போட்டுக்கொள்கிறாரா கழற்றுகிறாரா என்று தெரியாதபடி அப்படியே நின்றார். “ஒரேயடியாகவா?” என்று கேட்டார். பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னார். இந்த மருந்தைப் பல வருடம் சாப்பிட்டால், உடம்பு அதைத் தானாகச் சுரப்பதை மறந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் மறுபடி நினைவு வரும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு நட்டாற்றில் நிற்கும். வாந்தி வரும், தலை சுற்றும், அப்படியே சரிந்து விழுந்து உயிரே போகலாம். “இன்றைக்கே மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இப்போதே கூப்பிடுங்கள், இந்தப் போனிலேயே” என்றார்.

எண்ணை அவர்தான் ஆபரேட்டரிடம் சொன்னார். நான் என் அக்காவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். லைன் கிடைத்ததும் ராவுத்தர் எடுத்தார்.

“தங்கச்சியா? நல்லவேள கூப்பிட்ட. ராஜாமணி ரெண்டு நாளா எந்திரிக்கல. கஞ்சி குடுத்தாலும் வாந்தி எடுக்குது. நின்னா கிறுகிறுன்னு வருதுங்குது.”

“அண்ணே, வெரசாப் போய்க் கூட்டியாங்க. எப்பிடியாச்சும் கூட்டியாங்க.”

மச்சான் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார் போலிருக்கிறது. அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. மறுபடி மாத்திரையைப் போட வேண்டும், இங்கே டாக்டரம்மா சொல்கிறார் என்று கத்திச் சொன்னேன்.

“போட மாட்டேன்டி.”

“அக்கா, நிறுத்துனதாலதேன் உனக்கு இப்பிடி ஆகுது. போடலன்னா செத்துப்போவ.”

“நான் வாழ்ந்து முடிச்சவ. அது பச்சப் புள்ள. அது தலைய வச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன். மீறுனா அதுக்கு ஏதாச்சும் ஆகும்.”

“நாந்தேன சத்தியம் வாங்குனேன்? நானே விடுறேன். விட்டுட்டேன், போ.”

“தலை உன்னுதா?” என்றாள் அக்கா. அந்த நிலையிலும் பிடிவாதம் கொஞ்சமும் குறையவில்லை. “ஊசியா வந்தாலும் அது அந்த மருந்துதேன். எந்த டாக்டரு போட்டாலும் கையத் தட்டிவிட்டுருவேன். நீ அழாத.”

நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடி திட்டினேன், அழுதேன், மச்சானைக் கூப்பிட்டேன். சத்தியம் என்று வந்தால் மச்சான் அக்காவுக்கு மேல். லேடி டாக்டர் என் தோளைத் தொட்டு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “இதை விடுவிக்க யாருக்கு உரிமை உண்டு?” என்று மட்டும் கேட்டார். என் மகளுக்கு என்றேன். “அப்படியானால் போய் அவளைக் கூட்டிவாருங்கள். முன்னறையை நான் சமாளிக்கிறேன்.” ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிடுவதாக ராவுத்தரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

பள்ளிக்கூட ஆபீசில் ஒரு தாள் நீட்டினார்கள். பிள்ளையை நடுவில் அழைத்துப் போவதற்குக் காரணம் எழுத வேண்டும். பல் டாக்டரா, கண் டாக்டரா, குடும்பத்தில் இறப்பா என்று கட்டம் கட்டமாக இருந்தது. எதில் குறி போடுவது? ‘மருத்துவம்’ என்றதில் போட்டேன். “குழந்தைக்கு என்ன?” என்று ஆபீசில் இருந்த அம்மாள் கேட்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை, இந்தியாவில் அவள் பெரியம்மாவுக்கு என்றேன். “அதற்குக் குழந்தை எதற்கு?” என்றாள். “அவள் தலை வேண்டும்” என்று வாயில் வந்துவிட்டது. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எதற்கும் அருகில் இருந்த ஆசிரியையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மலரை அனுப்பினாள்.

மலருக்குப் பதினொரு வயது. நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கூப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். வழி நெடுக அரை ஓட்டமாக நடந்துகொண்டே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

“என் தலையா? என்னைக் கேட்டாயா?” என்றாள் இங்கிலீஷில்.

“உன்னையக் கேக்கணுமா? நீ எம் புள்ள.”

“அது என் தலை. நீ பெரியம்மாவையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. உன் இஷ்டத்துக்குச் செய்துவிட்டாய்.”

போன வாரம்தான் அவர்கள் வகுப்பில் இந்தச் சீர்திருத்தம் பற்றி விவாதம் நடத்தினார்களாம். நோயாளியைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்ற கட்சியில் இவள் பேசினாளாம். வேறு நாளாக இருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவே இல்லை. “சரி ஆத்தா, நீ சொல்றதுதேன் சரி. இப்ப வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

லேடி டாக்டர் மறுபடி லைன் வாங்கி வைத்திருந்தார். மலர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெரியவர்களை ‘நீங்க’ என்று சொல்லவே அவளுக்கு வராது. நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டேன்.

“பெரியம்மா, நான் மலர். அது என் தலை. அம்மா தலை இல்ல.”

“ஆமா ஆத்தா, உன் தலைதேன்.”

“நான் விட்டாச்சு. நீ மாத்திரை சாப்பிடு.”

“உங்கம்மா சொல்லிக் குடுத்துச் சொல்லுறியா? அப்பிடிச் சொன்னா செல்லாது.”

“இல்ல. அம்மாகிட்ட நான் சண்டை.” வார்த்தை கிடைக்காமல் என்னைப் பார்த்தாள். நான் உதவப் போனதும் கையை நீட்டித் தடுத்தாள். “பெரியம்மா, ஏன் அந்த மாத்திரை சாப்பிட்ட நீ, முதல்ல?”

அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “படுத்துத் தூங்கத்தேன் ஆத்தா. வருசக்கணக்கா உக்காந்தே தூங்குனேன்.”

மலர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டாள், “உட்கார்ந்தா? ராத்திரி முழுக்கவா?” தலையாட்டினேன். அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. மறுபடி பேசியபோது அவள் குரல் மாறியிருந்தது.

“நீ இப்ப மாத்திரை சாப்பிடு. சாப்பிடலன்னா என் தலைக்கு ஆகாது. இது நான் வைக்கிற சத்தியம். என் தலை, நானே வைக்கிறேன். யாரும் சொல்லல.”

தன் தலையில் எப்படிச் சத்தியம் வைக்கலாம் என்று வழியெல்லாம் சண்டை போட்டவள், இப்போது தானே ஒன்றை வைக்கிறாள். நடுவில் எக்ஸ்சேஞ்சுப் பெண், “பேசுறீங்களா, முடிச்சாச்சா?” என்றாள். “பேசுறோம்மா, பேசுறோம்” என்று அலறினேன்.

“மாத்திரைய வாய்க்கால்ல போட்டுட்டேனே” என்றாள் அக்கா.

மச்சான் ஜீப்பை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் பறந்தார். வேடிக்கையைப் பாருங்கள். சீட்டு இல்லாமல் யாருக்கும் எதையும் கொடுத்துவிடுகிறார்களே என்று ஒரு வாரமாக நான் கரித்துக்கொட்டியது இந்த மெடிக்கலைத்தான். இங்கேயாக இருந்தால் சீட்டு வாங்கி, கடையில் நின்று, பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே நீட்டிய கைக்கு அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஒரு நாள் அந்தக் கடைக்காரரை நான் வாழ்த்தினேன். இதை எந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

லைனைத் துண்டிக்கவில்லை. சர்ஜரியின் செலவு என்று லேடி டாக்டர் கையைக் காட்டினார். ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தண்ணி கொண்டா என்று யாரோ சொல்வது கேட்டது. பிறகு ராவுத்தர் ரிசீவரை எடுத்தார்.

“முழுங்கிருச்சு தங்கச்சி. இப்பவே மதுரைக்குக் கெளம்புறோம். நானும் கூடப் போறேன். அழாத.”

5

மதுரையில் நெஞ்சு வைத்தியம் பார்க்கும் டாக்டர் மூன்று நாள் படுக்கவைத்து அனுப்பினார். வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சும் மருந்து ஒன்று கொடுத்தார். அதைப் ‘பம்பு’ என்கிறாள் அக்கா. நாலு பேர் முன்னால் எடுக்க வெட்கப்பட்டு முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டு இழுக்கிறாளாம். ராவுத்தர் அவளைச் சல்லடைப் பக்கமே விடுவதில்லை. வெளியே காற்றாட உட்கார்ந்து காய் பிரிக்கச் சொல்லிவிட்டார். வெள்ளை மாத்திரையை ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அங்கேதான் ஒரு சிக்கல். டாக்டர் குறைக்கச் சொன்னார், அக்கா மறுத்துவிட்டாள். “என்னைய மாத்திரை சாப்பிடச் சொல்லிப் புள்ள சத்தியம் வச்சிருக்கு. அதக் கேக்காமக் கொறைக்க மாட்டேன்.” டாக்டருக்கு என்ன புரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆக ஒவ்வொரு முறை குறைக்கும் முன்பும் போடியிலிருந்து ஒரு கடிதம் வரும், மலரின் பெயருக்கு. அக்கா எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வேண்டும். மலர் என்னைப் படிக்கவிட மாட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி கம்மி. பதில் ஒரு வரிதான் போகும், ஒவ்வொரு எழுத்தும் ஒரு புளியங்கொட்டை அளவில்: ‘பெரியம்மா, குறை. எனக்குச் சம்மதம்.’

நடுவில் ஒரு போட்டோவும் வந்தது. கன்னம் வற்றி, கழுத்து எலும்பு தெரிய, என் பழைய அக்கா. ஊரில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிறார்களாம். “என்னாச்சு ராஜாமணி, போன வருசம் எம்புட்டு நல்லா இருந்த, இப்பிடி இளைச்சுட்டியே” என்று. என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். லேடி டாக்டர் மட்டும் பழைய படத்தைச் சட்டத்திலிருந்து உருவி, புதியதை மாட்டி, மேசைமேல் நேராக வைத்தார். முன்னறையில் விவாதம் இன்னும் ஓயவில்லை. ரயில்வேக்காரர் இன்றைக்கும் தன் மாத்திரைக்காகக் கத்துகிறார். அவரிடம் நான் இப்போது புதிதாக ஒன்று கேட்க ஆரம்பித்திருக்கிறேன். “அதை எதற்கு முதலில் சாப்பிட ஆரம்பித்தீர்கள்?” ஒருநாள் முழுக்க அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவே கிட்டங்கியிலிருந்து கூப்பிட்டாள். அவள் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

“போனப் புள்ளைகிட்டக் குடு.”

கொடுத்தேன். பழையபடி காதை ஒட்டிக்கொண்டேன்.

“ஆத்தா, நாளையில இருந்து ஒண்ணுமே வேணாம்னுட்டாரு டாக்டரு. நிறுத்திரட்டா?”

மலர் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

“பெரியம்மா, நீங்க படுத்துத் தூங்குறீங்களா?”

அவள் வாயிலிருந்து ‘நீங்க’ வந்ததை நான் அப்போது கவனிக்கக்கூட இல்லை. அந்தப் பக்கம் லோடு இறக்குகிற சத்தம் கேட்டது. அக்கா மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

“படுத்துத்தேன் ஆத்தா தூங்குறேன். உங்க பெரியப்பா மூக்குல விரல் வச்சுப் பாக்குறாரு.”

“அப்ப சரி” என்றாள் மலர். “நிறுத்துங்க.”